விலை ஏறியும் பணம் தங்காத பன்னிரண்டு ஏக்கர்: ஒரு செம்பனைக் கணக்கு

சகோதரி ஒருவர் எழுதிக் கேட்டிருப்பது இதுதான். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம்மில் பலர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், அவருடைய அப்பா 12 ஏக்கர் செம்பனையை (எண்ணெய்ப்பனையை) விட்டுச் சென்றிருக்கிறார். மரங்களுக்கு 18 வயது. அப்பா சென்ற ஆண்டு உயில் எழுதாமல் காலமானார், அம்மா இருக்கிறார், பிள்ளைகள் மூவர். மூத்த அண்ணன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார், இளைய அண்ணன் கிள்ளானில் வேலை செய்கிறார், கேள்வி கேட்டவர் ஆசிரியை. பழத்துக்கு நல்ல விலை கிடைத்தும் ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. மரத்துக்கு வயதாகிவிட்டது, இனி உரம் போடுவது வீண் என்கிறார் மூத்த அண்ணன். பழம் வாங்கும் வியாபாரியோ, ஏழு ஆண்டுகளுக்குத் தோட்டத்தைத் தன்னிடம் விட்டுவிட்டால் மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம் என்பது கேள்வி.

நான் 31 ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இருக்கும் ஆறு ஏக்கரைப் பார்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் கேட்டால் கணக்கும் எழுதிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் பணம் தங்காததற்கு விலையும் காரணமில்லை, அண்ணனும் காரணமில்லை. செம்பனையின் கணக்கு மாதச் சம்பளக்காரரின் நாட்காட்டியில் ஓடுவதில்லை. இன்று குலை வெட்டும் இடத்தில் குலையாகும் பெண்பூ வர வேண்டுமா, குலையாகாத ஆண்பூ வர வேண்டுமா என்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மரத்தின் குருத்துக்குள் முடிவாகிவிட்டது. மரத்தையே சாய்த்து மறுநடவு செய்யும் செலவோ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும்; ஆனால் வரும்போது மொத்தமாக வரும். மாதம் இருமுறை வரும் பழக்காசை அந்தந்த மாத வருமானமென்று நினைத்துச் செலவழிக்கும் குடும்பம், உண்மையில் போன உரத்தையும் வரப்போகும் கன்றையும் சேர்த்தே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். தேதி, எடை, தொகை என்று மூன்று வரிசைகள். ஓரத்தில் பென்சிலில் "உரம் கடன்" என்று ஒரு சொல், எவ்வளவு என்று இல்லை. வரவை இவ்வளவு ஒழுங்காக எழுதியவர் செலவை மனத்திலேயே வைத்திருந்திருக்கிறார். நம் அப்பாக்கள் பெரும்பாலும் அப்படித்தான். தோட்டத்தில் பெரட்டு (காலை ஆள் கணக்கு) எடுத்து, செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பெயர் எழுதி, மாதக் கடைசியில் துரைக்கு (நிர்வாகிக்கு) அறிக்கை தட்டச்சு செய்த எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம், ஒரு டன் பழத்தை வெளியேற்ற எவ்வளவு செலவாயிற்று என்ற எண் அந்த அறிக்கையில் விடுபடக் கூடாது என்பதே. உங்கள் நோட்டில் இல்லாதது அந்த ஓர் எண்தான்.

அதை இப்போது போட்டுப் பார்ப்போம். கீழே வருபவை கணக்கு எளிதாக இருக்க நான் எடுத்துக்கொண்ட எண்கள்; உங்கள் சீட்டுகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 55 மரம் என்றால் 12 ஏக்கரில் 660 மரங்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 7 டன் பழம் என்றால் 84 டன். டன்னுக்கு 760 வெள்ளி கிடைத்தால் ஆண்டு வரவு 63,840 வெள்ளி. இனிச் செலவு: வெட்டுக்கூலி டன்னுக்கு 60 வெள்ளி வீதம் 5,040, லோரி வாடகை 35 வீதம் 2,940, மரத்துக்கு ஆண்டுக்கு 8 கிலோ உரம் என்றால் 50 கிலோ மூட்டையில் 106 மூட்டை, மூட்டை 110 வெள்ளி வீதம் 11,660, மருந்தடிப்பதற்கும் மட்டை வெட்டுவதற்கும் 3,500, நில வரி முதலிய சில்லறைகளுக்கு 600. மொத்தம் 23,740. டன்னுக்கு ஏறக்குறைய 283 வெள்ளி. மிச்சம் 40,100.

இந்த நாற்பதாயிரத்தைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மரங்களுக்கு 18 வயது. 25-இல் மறுநடவு என்றால் இன்னும் ஏழு ஆண்டுகளே உள்ளன. பழைய மரத்தைச் சாய்த்து, கன்று நட்டு, காய்க்கும்வரை பராமரிக்க ஏக்கருக்கு 6,500 வெள்ளி என்று வைத்தால் 78,000 வெள்ளி தேவை. முதல் அறுவடை தொடங்கிய நாளிலிருந்தே ஒதுக்கி வந்திருந்தால் ஆண்டுக்கு நாலாயிரத்துக்குள் முடிந்திருக்கும். ஒதுக்காததால் மீதமுள்ள ஏழு ஆண்டுகள் மொத்தப் பாரத்தையும் சுமக்க வேண்டும்: ஆண்டுக்கு 11,143 வெள்ளி, டன்னுக்கு 133. ஆக, உங்கள் உண்மையான அடக்கச் செலவு டன்னுக்கு 283 அன்று, 416. இதற்கு மேல் உங்கள் அண்ணனின் உழைப்புக்கு மாதம் 500 வெள்ளியாவது கொடுத்தே ஆக வேண்டும். சொந்த நிலம்தானே என்று கூலியில்லாமல் பார்க்கும் பிள்ளைக்கும், பங்கு மட்டும் கேட்கும் பிள்ளைகளுக்கும் இடையே என்ன நடக்கும் என்பதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அந்த 6,000 வெள்ளியும் போனால் பங்கு பிரிக்க மிஞ்சுவது 22,957. நாற்பதாயிரத்தில் பாதியைவிடச் சற்றே கூடுதல்.

விலை இறங்கும் ஆண்டையும் இதே கணக்கில் ஓட்டிப் பாருங்கள். டன் 475 வெள்ளிக்கு வந்தால் வரவு 39,900. நேரடிச் செலவும் மறுநடவு ஒதுக்கீடும் போக நிற்பது 5,017 வெள்ளி. அண்ணனின் சம்பளத்துக்கே போதாது. அப்படிப்பட்ட ஆண்டு வரும். ஆகவே நல்ல ஆண்டின் மிச்சம் முழுவதையும் பிரித்துக்கொள்ளாமல், ஓராண்டு உரத்துக்கான தொகையை வங்கியில் தனிக் கணக்கில் வைப்பது தேவை. மறுநடவுக்கு இன்னொரு கணக்கு. இரண்டிலும் குடும்பத்தில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உரம் பற்றி அண்ணன் சொல்வது முழுத் தவறில்லை. மரத்தைச் சாய்ப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் உரத்தை நிறுத்துவது பெரிய தோட்டங்களிலும் உள்ள வழக்கம்தான், ஏனென்றால் போட்ட உரம் பழமாகித் திரும்புவதற்குள் மரம் விழுந்துவிடும். அவர் சொல்வது 23 வயது மரத்துக்குச் சரி. 18 வயது மரத்துக்கு ஐந்து ஆண்டு முந்திய அவசரம். இதில் நானே சூடுபட்டவன். 2018 இறுதியில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 2,000 வெள்ளிக்கும் கீழே போனபோது பயந்துபோய், 2019 முழுவதும் 2020-இல் பாதிவரையிலும் என் ஆறு ஏக்கருக்கு ஒரு மூட்டைகூட வாங்கவில்லை. அந்த ஆண்டு ஒன்றும் ஆகவில்லை. மரம் முன்பு போலவே காய்த்தது. நானும் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். 2021 இடையில் ஆண்பூவாகத் தள்ள ஆரம்பித்தது. 44 டன் கொடுத்த நிலம் 29 டன்னுக்கு வந்தது. 2022 மார்ச்சில் எண்ணெய் விலை டன் 7,000 வெள்ளியைத் தாண்டி, ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது என் மரத்தில் வெட்டுவதற்குக் குலை இல்லை. அப்போது உரம் வாங்கப் போனால் அதன் விலையும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. விலை மலிவான காலத்தில் போட்ட உரம்தான் விலை ஏறிய காலத்தில் பழமாக நிற்கும். ஒரேயடியாகப் பணம் இல்லையென்றால் அளவைக் கொஞ்சம் குறையுங்கள், தவணைகளாகப் பிரியுங்கள், கனமழை மாதங்களைத் தவிர்த்து வடிகாலில் ஓடாமல் பாருங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது பழச்சீட்டு. நீங்கள் அனுப்பிய சீட்டுகளில் எடையும் தொகையும் இருக்கின்றன, ஆனால் எண்ணெய்ப் பிழிவு விழுக்காடு, அதாவது பழத்தின் எடையில் நூற்றுக்கு எவ்வளவு எண்ணெயாகும் என்ற எண், எதிலும் இல்லை. எம்பிஓபி, அதாவது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம், வட்டாரவாரியாக "ஒரு விழுக்காட்டு விலை"யை வெளியிடுகிறது. நம்முடையது நடு வட்டாரம். அன்றைய ஒரு விழுக்காட்டு விலை 40 வெள்ளி, உங்கள் பழத்துக்கு 19 விழுக்காடு என்றால் டன் 760. வியாபாரி 18 என்று கணக்குப் பார்த்தால் 720. டன்னுக்கு 40 வெள்ளிதானே என்று விட்டால் 84 டன்னில் 3,360 வெள்ளி போய்விடுகிறது. உங்கள் ஆண்டு உரச் செலவில் நாலில் ஒரு பங்குக்கும் கூடுதல். வியாபாரிக்கும் இலாபம் வேண்டும், ஆலைக்கு ஏற்றிச் செல்லும் செலவு வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த விழுக்காடு, எவ்வளவு கழிவு என்று சீட்டில் எழுதித் தரச் சொல்வது விற்பவரின் உரிமை. சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று பேர் பழம் வாங்கும் இடத்தில், ஒரு மாதம் ஒவ்வொருவரிடமும் ஒரு லோரி பழம் போட்டுப் பார்த்தால் யார் எப்படி என்று விளங்கிவிடும். எடைமேடையில் அந்த ஆண்டுச் சரிபார்ப்பு முத்திரை ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய லோரி ஒன்றின் வெற்றெடை மட்டும் மழைநாளில் குறைந்தும் வெயில்நாளில் கூடியும் வந்ததை நான் ஓர் இடத்தில் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை.

விழுக்காட்டை ஏற்றுவது பாதி நம் கையில் இருக்கிறது. இறக்குமிடத்தில் நின்று பாருங்கள்: தரம் பார்ப்பவர் இரும்புக் கொக்கியால் குலையைப் புரட்டுவார். செந்நிறமாகி, பழம் உதிர்ந்து குறைந்தது பத்துக் குழிகளாவது புதிதாகத் தெரிந்தால் அது பழுத்த குலை. குழியே இல்லாமல் கறுத்து இறுகியிருந்தால் காய். எண்ணெய் ஏறும் கடைசி வாரங்களுக்கு முன்பே வெட்டப்பட்டது. காம்பை நீளமாக விட்டிருந்தால் அந்த எடையும் கழியும். டன் கணக்கில் கூலி வாங்கும் வெட்டுக்காரர் எடைக்காகக் காயையும் வெட்டுவார், குனிய வேண்டியிருப்பதால் மரத்தடியில் கிடக்கும் உதிரிப் பழத்தை விட்டுவிடுவார். இது அவருடைய குணக்கேடு அன்று, நாம் கூலியை அமைத்த விதம். எங்கள் தோட்டத்தில் உதிரிக்குத் தனிக் கூலி வைத்த பிறகுதான் மரத்தடி சுத்தமாயிற்று. உதிரிப் பழத்தில்தான் எண்ணெய் கூடுதல் என்பதைப் பழைய கங்காணிகள் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒரு வெட்டுச் சுற்று, வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் இறங்க வேண்டும் என்ற இரண்டையும் அண்ணன் காப்பாற்றினால் போதும். ஆளில்லை என்று சுற்று 20 நாளுக்குப் போன மாதங்களை நோட்டில் சிவப்பு மையில் குறியுங்கள். அந்த மாதச் சீட்டுகளே மற்றதைச் சொல்லும்.

ஆள் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் அழைத்து வரும் வெட்டுக்காரர்களிடம் செல்லுபடியாகும் வேலை அனுமதி இருக்கிறதா என்று அண்ணன் கேட்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். குடிநுழைவுச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத அந்நியத் தொழிலாளரை வேலைக்கு வைப்பவருக்கு ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளிவரை அபராதமோ 12 மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மேலே போட்ட கணக்கு முழுவதையும் ஒரே காலையில் விழுங்கக்கூடிய தொகை அது. அனுமதிச் சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு வேலை கொடுங்கள். நேரடியாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்தும். பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பதிவும் உண்டு.

இப்போது வியாபாரியின் குத்தகைக்கு வருவோம். மாதம் 1,800 என்றால் ஆண்டுக்கு 21,600. நில வரியும் மறுநடவு ஒதுக்கீடும் உங்கள் தலையில்தான் நிற்கும். அவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 9,850. நீங்களே நடத்தினால் அண்ணனுக்குச் சம்பளம் கொடுத்த பிறகும் 22,957. விலை விழுந்த ஆண்டில் குத்தகைப் பணம் உறுதியாக வரும் என்பது உண்மை, அது சிறிய நிம்மதி இல்லை. ஆனால் ஏழு ஆண்டு கழித்து மரத்தை வெட்டப்போகிறீர்கள் என்று தெரிந்த குத்தகைக்காரர் எதற்கு உரம் போடுவார்? முதல் இரண்டு ஆண்டு அப்பா போட்ட உரத்தின் பழத்தை வெட்டுவார். பிறகு மரம் தளரும்போது வாடகையைக் குறைக்கச் சொல்வார். அண்ணனுக்கு உடல் முடியவில்லை என்றால் மட்டும் குத்தகையை யோசியுங்கள். அப்போதும் மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டாம், ஆண்டுக்கு இத்தனை மூட்டை உரம் என்று எழுத்தில் வாங்கி, கடை இரசீதையும் காட்டச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. நிலம் இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத் தேசிய நிலச் சட்டப்படி நில அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவதற்குக் கையெழுத்திட வேண்டியவர் உயிருடன் இல்லை. ஆகவே இன்றைக்கு அண்ணன் போடும் எந்த நீண்டகால ஒப்பந்தமும் காலை வாரிவிடக்கூடியது. பழம் விற்க எம்பிஓபி உரிமம் கட்டாயம். அதுவும் அப்பா பெயரில் உள்ளதால் மாற்றியாக வேண்டும். 2020 முதல் கட்டாயமாக்கப்பட்ட எம்எஸ்பிஓ (நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழும் அந்தப் பெயரோடு சேர்ந்தது. அதற்கு எம்பிஓபியின் துனாஸ் எனும் ஆலோசனை அதிகாரிகளைப் பார்த்தால் சிறுதோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்துக்கொள்வார்கள், தனியாக அலைய வேண்டியதில்லை.

நீங்கள் எல்லா இடத்திலும் "எங்கள் மூவருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பங்கு நால்வருக்கு. உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்துக்குப் பொருந்துவது 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம். அப்பாவின் பெற்றோர் உயிருடன் இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி மூன்றில் இரண்டைப் பிள்ளைகள் சமமாகப் பிரிக்க வேண்டும், அதாவது ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. அந்த 22,957 வெள்ளியில் அம்மாவுக்கு 7,652, உங்களுக்கு 5,102. அம்மாவின் பங்கு எங்களிடம்தானே இருக்கிறது என்று பேச்சில் விட்டுவிடாமல், மாதாமாதம் அவர் கணக்கில் போடுங்கள். மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் நீதிமன்றம் போகாமல் நில அலுவலகத்திலேயே சிறு சொத்துப் பகிர்வுக்கு விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலையில்தான் 20 லட்சமாக இருந்த வரம்பை உயர்த்தினார்கள். நில வரியை மே மாத இறுதிக்குள் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டு, அறிவிப்பு வந்தும் மூன்று மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் நிலமே அரசுக்குப் போகும்.

பங்கு கிடைத்ததும் ஆளுக்கு இரண்டு மூன்று ஏக்கராக வேலி போடலாமா என்று இளைய அண்ணன் கேட்பதாகச் சொன்னீர்கள். விவசாய நிலத்தை ஓர் ஏக்கர் அளவுவரை பிரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனாலும் வேண்டாம். நான்கு துண்டுக்கு நான்கு லோரிப் பாதை, நான்கு உரிமம், ஒவ்வொன்றுக்கும் லோரி நிறையாத பழம். துண்டாடல் என்ற சொல்லே நம் சமூகத்துக்குக் கசப்பானது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் லயத்தை (தோட்டக் குடியிருப்பை) விட்டு வெளியேறியபோது, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை முழுசாக வாங்கினார். அவர் ஊன்றிச் சொன்ன பொருளாதாரம் இதுதான்: நிலம் முழுசாக இருக்கட்டும், பங்கைத் தாளில் பிரித்துக்கொள்வோம். பட்டாவில் நால்வர் பெயரும் பங்கு அளவோடு ஏறட்டும். தோட்டம் ஒன்றாகவே ஓடட்டும்.

வரி விஷயம் சுருக்கமாக: பழ விற்பனை வணிக வருமானம். பங்கு உங்கள் பெயருக்கு வந்த பிறகு, சம்பளக்காரருக்கான பிஇ படிவத்தை விட்டுவிட்டு பி படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கெடு ஜூன் 30. சீட்டுகளையும் இரசீதுகளையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். எடைச்சீட்டின் எழுத்து ஓராண்டில் மங்கிவிடும், ஆகவே வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

மறுநடவை 25-ஆம் ஆண்டில் ஒரே வீச்சில் செய்யாமல், நான்கு நான்கு ஏக்கராக மூன்று கட்டமாகச் செய்யலாம் என்பது என் கருத்து. முழுவதையும் சாய்த்தால் மூன்று ஆண்டு வரவே இருக்காது. 23-ஆம் வயதில் முதல் நான்கு ஏக்கர், இரண்டு ஆண்டு கழித்து அடுத்தது என்று போனால் எப்போதும் எட்டு ஏக்கர் காய்த்துக்கொண்டிருக்கும் அல்லது காய்க்க நெருங்கியிருக்கும். இளங்கன்றுகளுக்கு இடையே வாழை வைத்தால் களை மருந்துக் காசாவது திரும்பும். கடைசிக் கட்டத்தின் மரம் 27 வயதுக்குப் போகும், உயரம் வெட்டுக்கூலியை ஏற்றும், அது தெரிந்ததே. கன்றை உரிமம் பெற்ற நாற்றங்காலில் மட்டும் வாங்குங்கள். இப்போதே செய்யக்கூடியது ஒன்று: தண்டழுகல் நோயால் செத்த மரங்களை எண்ணுங்கள். தென்னை இருந்த நிலத்தில் அந்த நோய் கூடுதலாக வரும். நம் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தின் பெயரிலேயே தென்னை இருக்கிறது. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நட்டதும் அங்கேதான். உங்கள் 660-இல் எத்தனை நிற்கின்றன என்று அண்ணனோடு ஒருநாள் காலை நடந்து எண்ணுங்கள். 560 என்று வந்தால் நான் மேலே போட்ட உர மூட்டை 106 அன்று, 90. மற்ற எண்களையும் அங்கிருந்தே திருத்த வேண்டும். அந்த எண்ணையும், கடைசி ஆறு மாதச் சீட்டுகளையும், உரக் கடையில் இருக்கும் கடன் பாக்கியையும் எழுதி அனுப்பினால், உங்கள் சொந்தக் கணக்கை அடுத்ததாகப் போட்டுத் தருகிறேன்.